அலகில் வடிந்த ரத்தம்

மாரியம்மன் கோயிலில் வெட்டிய கிடாக்களின் ரத்தத்தைக் கழுவித் தள்ளுவதுதான் வேம்பங்கரை இருளாயி அம்மையாருக்கு வாய்த்த திருத்தொண்டு. ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகும் இடத்தில் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, "ஆத்தா, தாயே" என்று முணுமுணுத்தபடி கல்லைத் தேய்ப்பார். கூலி கிடையாது. தலையோ காலோ மிஞ்சினால் கொடுப்பார்கள்; அதையும் பல நாள் மறந்துவிடுவார்கள்.

அம்மையாருக்கு ஒரே மகன் இருந்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாட்களில் ஊருக்குள் ஊசி வரக்கூடாது, ஆத்தாள் கோபிப்பாள் என்று ஊர் சொன்னதை நம்பி, தடுப்பூசி போடத் தேடி வந்த நர்சம்மாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். பிறகு மணல்வாரி அம்மை கண்டு, மூச்சுத் திணறிப் பிள்ளை போய்விட்டான். "ஆத்தா எடுத்துக்கிட்டா, விடு" என்று ஊர் ஆறுதல் சொன்னது. அம்மையார் அதை மட்டும் ஒப்பவே இல்லை. "எங்க ஆத்தா பிள்ளை தின்கிறவ இல்லை. கதவைச் சாத்துனது நான்தான்" என்று மாரில் அறைந்துகொண்டு அழுதார்.

அன்று முதல் கைப்பிள்ளைக்காரி யாரைக் கண்டாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். "ஊசி போட்டா லேசா காய்ச்சல் அடிக்கும்டி, ரெண்டொரு நாள்ல விட்டுரும். அம்மை அப்படி விடாது. ஒன்பது மாசத்துல ஒண்ணு, ஒன்றரை வயசுல ஒண்ணு, ரெண்டையும் போட்டுரு தாயி" என்பார். "பெத்ததைக் காப்பாத்தத் துப்பில்லாதவ புத்தி சொல்ல வந்துட்டா" என்று காதுபடவே சிரிப்பார்கள். கேட்டுக்கொண்டு மறுநாளும் அதே வாசலில் போய் நிற்பார்.

ஓர் ஆண்டு காப்புக் கட்டிய கையோடு பக்கத்து ஊரில் மணல்வாரி பரவிப் பிள்ளைகள் சாகத் தொடங்கின. அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நர்சம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வைரவன் பூசாரிக்கு வந்ததே ஆவேசம்! "காப்புக் கட்டின ஊருக்குள்ள ஊசியைக் கொண்டாந்தியாடி?" என்று கத்தி, மருந்துப் பெட்டியைப் பிடுங்கிப் பலிக்கல்லில் அடித்தார். ஐஸ்கட்டிகளும் மருந்துக் குப்பிகளும் தெறித்துச் சிதறின. நர்சம்மா உயிர் தப்பினால் போதும் என்று ஓடினார். தடுக்கப் போன அம்மையாரின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துத் தெருவோடு இழுத்தார்கள். கொஞ்ச நஞ்ச அடியா அடித்தார்கள், பாவிகள்! விறகுக்கட்டை விழுந்து இடக்கை எலும்பு முறிந்தது. பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்து நின்றார்கள்.

"நீ குத்தம் பண்ணலைன்னா அலகு குத்திப் பார்ப்போம். ரத்தம் வந்துச்சு, இந்த ஊர்ப் பக்கமே தலைகாட்டக் கூடாது" என்றார் பூசாரி. ஆத்தாளுக்கு உகந்தவர் கன்னத்தில் வேல் ஏறினால் சொட்டு ரத்தமும் வராது என்பது அவ்வூரார் நம்பிக்கை.

அம்மையார் முறியாத கையை நெஞ்சில் வைத்தார். "என்னை என்ன வேணும்னாலும் பண்ணு ஆத்தா. இந்தக் குஞ்சு குளுவானுகளைக் காப்பாத்திரு" என்றவர் வாயைத் திறந்து நின்றார். மேளம் முழங்க, பூசாரி வன்மம் தீர வேலைச் செருகினார். ஒரு கன்னத்தில் புகுந்து மறு கன்னத்தில் வெளிப்பட்ட நுனியிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது. "பாத்தீங்களா! ஆத்தா காட்டிட்டா!" என்று கூட்டம் கூச்சலிட்டது. எவனோ எறிந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது.

பூசாரியின் மருமகள் பஞ்சவர்ணம் கைக்குழந்தையோடு அங்கேதான் நின்றிருந்தாள். மாமனாரை நிமிர்ந்தும் பார்த்தறியாதவள். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு, கூந்தல் அவிழ ஓடிவந்து பூசாரியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"யாரு கன்னத்துலடா குத்துனே? என் கன்னத்துலடா குத்துனே! என் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்துறீங்க, பிள்ளையைப் பறிகொடுத்துட்டு என் மேலேயே பழி போடுறீங்க! பிள்ளைப்பழி எனக்கு வேண்டாம்டா! என் மக இருளாயி கூட்டியாந்த ஊசியை அத்தனை பிள்ளைக்கும் போடுங்கடா!"

மேளம் நின்றது. வந்திருப்பவள் ஆத்தாள் என்று தெரிந்ததும் வைரவன் பூசாரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வேறென்ன செய்வார்?

மறுநாள் போலீஸ் துணையோடு நர்சம்மா புதுப் பெட்டியுடன் வந்தார். கைக்கு மாவுக்கட்டும் கன்னத்தில் தையலுமாக அம்மையாரைக் கோயில் வாசலில் உட்கார்த்தியிருந்தார்கள். வாய் திறந்து ஒரு சொல் பேச முடியாது. அதனால் என்ன? ஒவ்வொரு தாயும் பிள்ளையை அவர் காலில் ஒருமுறை கிடத்தி எடுத்த பிறகே ஊசிக்குக் காட்டினாள்.

"நெசமாவே நேத்து உன் மேல ஆத்தாதான் வந்தாளாடி?" என்று ஒருத்தி பஞ்சவர்ணத்தின் காதில் கேட்டாள். வீறிட்டு அழுத பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அதெல்லாம் தெரியலைக்கா. கைதான் இன்னும் எரியுது."

அறைவதற்கு ஆத்தாளுக்கும் ஒரு கை வேண்டாமா? தன் அடியவளுக்காக ஒரு தாயின் கையை அவள் எடுத்துக்கொண்டாள். இருளாயி அம்மையாரின் பொறுமையை நினைக்கும் நெஞ்சங்கள் ஈரமாகட்டும். அவர் காலடி பட்ட வாசல்களில் பிள்ளைகள் நூறாண்டு விளையாடட்டும்.