நாடாளும் செங்கமலம்

மேற்கு வாசல் சந்தியில் சாவடி போட்டிருக்கும் சுங்கத் தலைவர் சேதிராயர் கொட்டாவிக்குக்கூட வரி போட்டுவிடுவார் என்று மழவூரில் பேச்சு. அதனால் அந்த வாசலைத் தாண்டும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை.

அன்று ஒரு பெண் திறந்துவிட்டாள்.

விஷயம் அரசவைக்கு வந்தபோது விடங்கன் தூணில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான். அரசர் மழவரையருக்கு யோசனை சொல்வது அவன் உத்தியோகம். அரசருக்கு யோசனை கேட்கும் வழக்கம் இல்லாததால் ஓய்வு நிறைய.

"ராஜத் துரோகம்!" என்று கூவியபடி சேதிராயர் உள்ளே வந்தார். பின்னால் துணி மூட்டைகளோடு எட்டுப் பெண்கள். முன்னால் நின்றவளைச் சுட்டிக் காட்டினார்.

"இவள் செங்கமலம், அரசே. சுங்கம் கேட்டேன். 'பதினாலு வருசமா நாடாள்றேன், எனக்கே சட்டம் சொல்றீங்களா?' என்கிறாள். கையோடு ஓலையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்."

அரசர் விரல்விட்டு எண்ணினார்.

"நான் ஆள வந்து ஒன்பது வருஷம்தானே ஆகிறது? ஏனம்மா, முதல் ஐந்து வருஷம் எப்படி இருந்தது?"

"முதுகு ஒடிஞ்சுது ராசா. இப்பப் பழகிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் அரசர்.

"ஐயோ, நான் சொன்னது இதை!" என்று செங்கமலம் இடுப்பிலிருந்து எதையோ உருவினாள். ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் கூர்.

"கத்தி!" சேதிராயர் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். அது விடங்கனின் தூண். அவன் தூக்கம் போயிற்று.

"கத்தியில்லீங்க, நாடா. குறுக்கு நூலைச் சுமந்துக்கிட்டுத் தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அதுதான். நல்லா நெய்யிறவளை எங்க தெருவுல நாடாள்றவன்னு சொல்லுவோம்."

அவையே குலுங்கிச் சிரித்தது. அந்த எட்டுப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை என்பதை விடங்கன் கவனித்தான்.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா எங்க துணியை முழுசா விடச் சொல்லுங்க ராசா," என்றாள் செங்கமலம். "பதினாறு சேலை. எங்க பேர்ல நாங்களே சந்தையில விக்கலாம்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா வந்தோம். பாதியைக் கொடுங்கிறார். எட்டுச் சேலை போயிட்டா அடுத்த பாவுக்கு நூல் வாங்க வழியில்ல. மறுபடி முதலாளி வீட்டுத் தறியில கூலிக்குத்தான் உட்காரணும்."

சேதிராயர் தூணிலிருந்து வெளிப்பட்டார். "தறிக்காரர் துணிக்குச் சுங்கம் பத்தில் ஒன்று. மற்றவர் துணிக்குப் பாதி. தறிக்காரர் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை, அரசே. நெய்கிறவர்கள் புருஷன்மார். இவர்கள் வெறும் ஒத்தாசை."

"என் புருஷன் நாடாவை விட்டா அது தெருவுல போய் விழும்," என்றாள் செங்கமலம். "போன மாசம் பக்கத்து வீட்டுக் கோழி செத்துச்சு."

"இப்போது எங்கே அவர்?" என்று கேட்டார் அரசர்.

"சோறு வடிக்கிறாரு. அதுக்குப் பேரு ஒத்தாசை."

அரசர் முகவாயைத் தடவினார். "சுங்கச் சட்டம் என் பாட்டனார் வாசல் கல்லில் வெட்டி வைத்தது. யாருக்குச் சுங்கம் இல்லை என்பதற்கு அதில் ஒரே ஒரு வரி. என்ன அது, சேதிராயரே?"

"'நாடாள்வோர்க்கு இவ்வாயிலில் சுங்கம் இல்லை.' அதாவது தங்களுக்கு. அரசு காரியம் பார்ப்பதால் அடியேனுக்கும், கொஞ்சம்."

"பாட்டனார் கல்லில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆனால் இவர்கள் முழுத் துணியோடு சந்தைக்குப் போக வேண்டும். வழி இருக்கிறதா, விடங்கா?"

ஒன்பது வருஷத்தில் முதல் கேள்வி. விடங்கன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டான்.

"வழியைச் சேதிராயரே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்." ஓலையை வாங்கி வாசித்தான். "'செங்கமலம் என்பவள் நாடாள்கிறாள் எனத் தன் வாயால் சொன்னாள்.' கையெழுத்து யாருடையது? சுங்கத் தலைவருடையது. கல்லில் யாருக்குச் சுங்கம் இல்லை?"

"நாடாள்வோர்க்கு!" என்றது அவை.

சேதிராயர் முகம் சிவந்தது. ஆனால் அவர் சின்ன வயதிலேயே இலக்கணம் கரைத்துக் குடித்தவர்.

"நில்லுங்கள்! நாடும் ஆள்வோரும் சேர்ந்தால் நாடாள்வோர். சரி. நாடாவும் ஆள்வோரும் சேர்ந்தால் நடுவில் ஒரு வகரம் வர வேண்டும். நாடாவாள்வோர்! கல்லில் அந்த வகரம் எங்கே? சந்தி என்று ஒன்று இருப்பதே உமக்குத் தெரியாதா?"

விடங்கன் பணிவாகக் கும்பிட்டான்.

"வகரம் வந்ததே, ஐயா. சந்தியில்தான் நின்றது. அந்தச் சந்தியில் சாவடி போட்டு உட்கார்ந்திருப்பவர் தாங்கள். நீங்களே பிடித்து வைத்துக்கொண்டு எங்கே என்று என்னைக் கேட்டால்?"

அரசர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. எட்டுப் பெண்களும் இப்போது சிரித்தார்கள். பதினாறு சேலைக்கும் சுங்கம் இல்லை, எட்டுப் பெயரையும் தறிக்காரர் பட்டியலில் ஏற்றுங்கள் என்று அரசர் கண்ணைத் துடைத்தபடியே சொன்னார். பிறகு தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து விடங்கனிடம் நீட்டினார்.

விடங்கன் கை நீட்டவில்லை. "இதை நெய்தது யார், அரசே?"

அரசர் அரண்மனை உடைக் காப்பாளரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"கரையைக் கொஞ்சம் திருப்புங்க ராசா," என்றாள் செங்கமலம். "ஆங், அங்க ஒரு இழை எகிறியிருக்கு பாருங்க. நம்ம மரகதம் நெய்ஞ்சது. அன்னிக்கு அவளுக்குப் பல்வலி."

அரசர் அந்த இழையை விரலால் தடவிப் பார்த்தார். "யார் மரகதம்?"

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"இனி அரண்மனைக்கு வேண்டிய பட்டை உங்கள் கையிலிருந்தே வாங்குகிறோம், அம்மா. கரையில் உன் பெயரையும் நெய்துவிடு. பல் இப்போது எப்படி இருக்கிறது?"

"பிடுங்கியாச்சு, ராசா," என்றாள் மரகதம். "மேற்கு வாசல் வழியா வெளிய கொண்டுபோகச் சுங்கம் எவ்வளவுன்னுதான் தெரியல."