இரண்டு கரைக்கும் ஒரு படி

குமுதினி அம்மைக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த வைத்திலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெறும்வரை பாலம் கட்டும் பொறியாளராக இருந்தவர். அம்மையின் மடம் காயலுக்கு நடுவே நண்டுத்திட்டு என்ற சிறு தீவில் இருந்தது. அங்கே போக வர படகைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு நாள் காலையில் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வைத்திலிங்கம் கேட்டார்.

“ஒருத்தருக்கு உதவி பண்றதுன்னா என்னம்மா? எதுவரைக்கும் பண்ணணும்?”

அம்மை தலையைத் தூக்கவில்லை.

“செங்கமலம் படகுல ஏறி இறங்க ஒரு படி வேணும். நீங்க பாத்து எடுத்துட்டு வாங்க.”

செங்கமலம் தீவில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். ஏழு வருடங்களுக்கு முன்பு படகில் ஏறும்போது, துறைக்கும் படகுக்கும் இடையில் விழுந்து இடது பக்க இடுப்பு உடைந்துவிட்டது. அன்றிலிருந்து வலது கையில் கோல். அதற்குப் பிறகு காயலைத் தாண்டியதே இல்லை. ஆனால் கடையில் உட்கார்ந்தபடியே தீவில் உள்ள எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். அவர் எழுதி எழுதித்தான் தீவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. இந்தத் தேர்தலில் அவரை நிற்கவைத்து, பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் வார்டு உறுப்பினராக ஜெயிக்கவும் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை அக்கரையில் பதவியேற்பு. புது உறுப்பினரை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று தோற்றவரின் ஆட்கள் டீக்கடையில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அது செங்கமலத்தின் காதுக்கு வந்தது. தன்னை யாரும் தூக்கக் கூடாது, தன் காலால் நடந்து போக முடிந்தால் போவேன், இல்லாவிட்டால் அந்தப் பதவியே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது.

வைத்திலிங்கம் துறையின் உயரத்தை அளந்தார். தண்ணீர் ஏறும்போதும் வற்றும்போதும் படகு எவ்வளவு மேலே வருகிறது, எவ்வளவு கீழே போகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு டவுனுக்குப் போய், பழைய விடுதி ஒன்றின் படகுத்துறையில் இருந்த படியைக் கேட்டு வாங்கி வந்தார். தேக்கு மரம், ஐந்து படி, இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. அதைத் துறையின் விளிம்பில் கொக்கி போட்டு மாட்டினார்கள்.

அம்மை வந்து பார்த்தார். படியில் இறங்கிப் படகில் உட்கார்ந்து, அக்கரைக்கு விடச் சொன்னார். வைத்திலிங்கமும் கூடப் போனார்.

அக்கரையில் துறை நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. படகோட்டி தாவி ஏறினார். வைத்திலிங்கம் கையை ஊன்றி, மூச்சு வாங்க ஏறினார். அம்மை இருந்த இடத்திலேயே இருந்தார்.

“இறங்கலையாம்மா?”

“படி வரட்டும்.”

வைத்திலிங்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், தீவின் துறையில், பித்தளைப் பிடி வெயிலில் பளபளத்தது. அவர் மறுபடி படகுக்குள் இறங்கினார்.

தேக்குப் படி விடுதிக்கே திரும்பிப் போனது. இந்தமுறை அவர் ஒரு தச்சரிடம் போனார். லேசான மரத்தில், ஒரே ஆள் தூக்கிவிடக்கூடிய மூன்று படி. படகின் தரையில் நிற்கும், படகோடு கூடவே வரும். செங்கமலத்துக்கு வலது கையில் கோல் என்பதால், இறங்கும்போது இடது கைக்கு வருகிற மாதிரி ஒரு பிடி. வைத்திலிங்கம் தானே பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் ஏறினார். அசையவே இல்லை.

“இது சரிதானேம்மா?”

“என்னை ஏன் கேக்கறீங்க?” என்றார் அம்மை.

வைத்திலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் அவர் பெட்டிக்கடைப் பக்கம் ஒரு தடவைகூடப் போயிருக்கவில்லை.

அவர் போய்ச் சொன்னதும் செங்கமலம் கடையைச் சாத்திவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டார். ஏழு வருடம் கழித்து அன்றுதான் துறைக்கு வந்தார். படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீர் தெரிந்த இடத்தில் அவர் கால் நின்றுவிட்டது. வைத்திலிங்கம் கை கொடுக்கப் போனவர், யாரும் தூக்கக் கூடாது என்று அவர் சொன்னது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

செங்கமலம் பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. படகில் நின்றபடி திரும்பிப் படியைப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இறங்கும்போது பிடி இடது கையில இருந்துச்சு சார். ஏறுறதுக்குத் திரும்பினா அது வலது கைப் பக்கம் போயிடுச்சே. அந்தக் கையில கோல் இருக்கு.”

நாற்பது பாலம் கட்டியவர் குனிந்து, பிடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

பிடியைக் கழற்றி மாற்றும்படி இரண்டு பக்கமும் துளை போட்டால் போதும் என்று செங்கமலமே சொன்னார். படியின் உயரமும் தன் இடுப்புக்கு அதிகம், மூன்றை நாலாக்க வேண்டும் என்றார். அன்றைக்குக் கோலை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்த ஒரே பிடியைப் பற்றி ஏறி வந்தார். தச்சர் படியைத் திருத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாளும், தண்ணீர் ஏறியபோதும் வற்றியபோதும், இறங்கி ஏறிப் பழகினார்.

வியாழக்கிழமை அக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். படகைக் கட்டினார்கள். படியை வைத்தார்கள். வைத்திலிங்கம் பிடியை உருவி மறுபக்கத் துளையில் செருகிவிட்டு ஒதுங்கி நின்றார்.

செங்கமலம் ஏறினார். நாலு படி. கடைசிப் படியைத் தாண்டிக் கரையில் காலூன்றி, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். முதலில் கை தட்டியது தோற்றவரின் மனைவி. அப்புறம் துறை முழுக்கக் கைதட்டல்.

ஊராட்சி அலுவலகத்தில் அவர் உறுதிமொழி வாசித்த குரல் தெருவரைக்கும் கேட்டது. கையெழுத்துப் போட்ட கையோடு, தீவுக்கு வாரம் இரண்டு நாள் மருத்துவர் வர வேண்டும் என்று தன் முதல் மனுவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு பேசச் சொன்னார்கள். குழாயைப் பற்றிப் பேசினார். தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். ஓட்டுப் போடாதவர்களும் தன் கடைக்கு வரலாம், மனு எழுதித் தருவேன் என்று முடித்தார். கூட்டம் சிரித்தது.

திரும்பும்போது தீவே துறையில் மேளத்தோடு நின்றது. செங்கமலம் படகின் முன்பக்கம் உட்கார்ந்து கையசைத்தார். பின்பக்கம் அம்மையும், படியை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வைத்திலிங்கமும்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் மெல்லச் சொன்னார்.

“செங்கமலம் அவ்வளவு பேசினாங்க. இந்தப் படியைப் பத்தி ஒரு வார்த்தை வரலையேம்மா.”

“கால் இடறியிருந்தா, இன்னைக்கு ஊரே இந்தப் படியைப் பத்தித்தான் பேசியிருக்கும்,” என்றார் அம்மை.