பவானி எக்ஸ்பிரஸின் தீனி

மேட்டுப்பாளையம் மரக்கடைத் தாண்டவராயனுக்கு ஊட்டியில் ஒரு குரு இருந்தார். குரு வயதில் இளையவர். அதனால் சீடரை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கிண்டலா என்று தாண்டவராயனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்று மலையேறி வந்த தாண்டவராயன், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி. நாளைக்கு மரக்கடையைக் கிரயம் பண்ணிக் குடுக்கறனுங்க."

"எதுக்கு?"

"குதிரைக்குத்தானுங்க."

அந்தக் குதிரையைப் பற்றிக் குருவுக்குத் தெரியும். மனைவியின் பெயரைச் சேர்த்து 'பவானி எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்டுத் தாண்டவராயன் ஆசை ஆசையாக வாங்கிய பந்தயக் குதிரை. வாங்கிய வருஷமே ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தது. அதற்கப்புறம் எதிலும் வரவில்லை.

வாங்கிய விலையைத் தாண்டவராயன் எப்போதோ மறந்துவிட்டார். வைத்துக் காப்பாற்றுகிற செலவுதான் ஆளை அரைத்தது. ஓட்ஸ், கொள்ளு, லாடம் எல்லாம் போக, பழக்குகிறவருக்குத் தனி, ஓட்டுகிறவருக்குத் தனி. கால் வீங்கினால் டாக்டர் பெங்களூரிலிருந்து காரில் வருவார். ஓடினாலும் செலவு, நின்றாலும் செலவு. பவானியின் நகைகள் ஒவ்வொன்றாக அந்த லாயத்துக்குள்தான் போயின. அந்த அம்மாள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் பெயரை வைத்த மிருகத்தை எப்படித் திட்டுவது?

"கடை போயிட்டா உங்க பையன் என்ன செய்வான்?" என்று கேட்டார் குரு.

"அவன் எங்கிட்டப் பேசறதையே நிறுத்திப்போட்டானுங்க."

"குதிரையை ஓட விடாம, வீட்டுப் பின்னால கட்டிப் புல்லைப் போட்டு வளர்க்கலாமே."

"சும்மா கட்டிவைக்கறதுக்கா சாமி இத்தனை பாடுபட்டேன்? இன்னும் ஒரே ஒரு சீசனுங்க. ஒருக்கா ஜெயிச்சுதுன்னா போதும், விட்டுப்போடறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

இந்த ஒரு சீசனைத் தாண்டவராயன் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

"முடியலீங்க சாமி," என்றார். "தூங்கி எந்திரிச்சாலும் அசதி போறதில்லை. ஆனா விடவும் முடியல."

"அப்படி என்னத்தைக் கண்டீங்க அதுக்கிட்ட?"

தாண்டவராயன் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கி நைந்திருந்தது. ஜெயித்த குதிரையின் கடிவாளத்தை அதன் சொந்தக்காரரே பிடித்து, கூட்டத்துக்கு நடுவே நடத்தி வருவது பந்தயத்தில் வழக்கம். படத்தில் பவானி எக்ஸ்பிரஸை நடத்தி வந்துகொண்டிருந்தார் தாண்டவராயன். கோட்டு இரவல், பெருமை சொந்தம். வாயெல்லாம் பல்.

குரு படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க முதலாளி, குதிரையைப் பார்த்துட்டு வரலாம்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் இறக்கத்தில் நடந்தார்கள். மரக்கடையைப் பற்றி எந்த நேரமும் ஏதாவது வாதம் வரும் என்று தாண்டவராயன் பயந்துகொண்டே வந்தார். குரு வழுக்காமல் கால் வைப்பதிலேயே குறியாக இருந்தார்.

ஊட்டிப் பந்தய மைதானத்து லாயத்தில் பவானி எக்ஸ்பிரஸ் புல் தின்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் கட்டு. காலடிச் சத்தம் கேட்டும் அது தலையைத் தூக்கவில்லை.

குரு அதன் அருகில் போய், அந்தப் போட்டோவை அதன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"என்ன பண்றீங்க சாமி?"

"ஜெயிச்சது இதுதானே? இதுவும் ஒரு தடவை பார்க்கட்டும்."

குதிரை படத்தை முகர்ந்தது. தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டது. தலையைத் திருப்பி மறுபடியும் புல்லுக்குப் போய்விட்டது.

"வாயில்லா சீவன் சாமி," என்றார் தாண்டவராயன். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "அதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியல. ஓடுச்சு, வந்து தண்ணி குடிச்சுது, அன்னைக்கே மறந்துடுச்சு."

குரு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தின்றுகொண்டே இருந்தது. சாரல் வலுத்தது. தாண்டவராயன் கடைசியில் தானே கேட்டார்.

"கிரயத்துக்கு என்ன சொல்றீங்க சாமி?"

குரு போட்டோவை வேட்டியில் துடைத்து, அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"குதிரை புல்லுதான் தின்னுது முதலாளி. நகையெல்லாம் தின்னது இந்தப் போட்டோ. நாளைக்குக் கடையையும் போடுங்க. தின்னும்."