இன்னும் நாலு நாள்

டாக்டர் சுடலைமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. கிராமத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, பச்சிளம் குழந்தை வைத்தியம் படிக்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் டாக்டர் எஸ்தர் அவரைவிட எட்டு வயது இளையவர். அதில் மனுஷனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவருடைய வருத்தமெல்லாம் வேறே.

போன மாதம் சங்கரவடிவு என்பவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தத்தில் கிருமி புகுந்தால் ஏறுகிற எண் ஒன்று உண்டு. பிறந்த ஆறு மணி நேரத்தில் சுடலைமுத்து அதை எடுத்துப் பார்த்தார். குறைவாக இருந்தது. "முனகுது சார்" என்று நர்ஸ் சொல்லியும், மருந்து வேண்டாம் என்று எழுதிவிட்டார். மறுநாள் குழந்தை போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் எண்ணைப் பார்ப்பதோடு சரி. நம்புவதில்லை. எந்தக் குழந்தைக்கும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த அவருக்குக் கை வராது.

இப்போது தையல்நாயகியின் குழந்தை. பனிக்குடம் முன்னாலேயே உடைந்து, பிறந்ததும் மூச்சு வேகமாக இருந்ததால் மருந்து ஆரம்பித்திருந்தார்கள். இன்று மூன்றாம் நாள். இரண்டு தடவை எடுத்த எண்ணும் குறைவு. பரிசோதனைக்கு அனுப்பிய ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை. மூச்சும் சீராகி, குழந்தை நன்றாகப் பால் குடித்தது. சுடலைமுத்து எழுதினார்: இன்னும் நாலு நாள்.

எஸ்தர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"பயமா இருக்கு மேடம்."

"சரி. இப்பப் போட வேண்டிய ஊசியை நீங்களே போடுங்க."

பழைய ஊசி நழுவி குழந்தையின் இடது கை வீங்கிப்போயிருந்தது. வலது கையில் தேடினார். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு காலிலும் குத்திப் பார்த்தார். குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவி நரம்பு பார்த்துவிட்டு, அந்த இடத்து முடியை மழிக்க பிளேடை எடுத்தார்.

"முடி எடுக்கணுமா சார்?" என்றாள் தையல்நாயகி. "மொத முடி கோயிலுக்குன்னு நேந்திருக்கோம்."

அவர் கை அப்படியே நின்றது. எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கும் எண் குறைவாத்தானே மேடம் இருந்துச்சு?"

"அன்னைக்கு ரொம்பச் சீக்கிரம் எடுத்தீங்க. ஒரே தடவை எடுத்தீங்க. அது முனகினதை நீங்க கேக்கல."

"இன்னைக்கு?"

"இது பால் குடிக்கிறதை நீங்க பாக்கல."

"நிறுத்தினப்புறம் இதுவும் போயிட்டா?"

"பக்கத்துலயே இருந்து பாப்போம். கொஞ்சம் சுணங்கினாலும் திரும்ப ஆரம்பிப்போம்."

சுடலைமுத்து பிளேடைக் கீழே வைக்கவில்லை.

"இந்த மருந்து யாருக்கு சார்?" என்று கேட்டார் எஸ்தர்.

அவர் குழந்தையின் வீங்கிய கையைப் பார்த்தார்.

"சங்கரவடிவு குழந்தைக்கு."

எஸ்தர் அவர் கையிலிருந்து பிளேடை வாங்கிக்கொண்டார்.

"அதுக்கு இந்தத் தலையில நரம்பு தேடாதீங்க."