ஒட்டுத்துண்டு வரும் முன்னே

ஒரு கண்ணாடித் தட்டிலே ஒரு ஈஸ்ட் செல் இருந்தது. ரொட்டி மாவை உப்பவைக்குமே, அந்த ஈஸ்ட்தான். அதன் குணத்தையெல்லாம் எழுதி வைத்த நீள நூல் ஒன்று அதற்குள்ளே சுருண்டு கிடந்தது. நூலில் ஓர் இடத்தை மட்டும் மாற்றிவர மூன்று பேரை அனுப்பினாள் ஆய்வாளர் மெர்லின்: இடம் காட்ட வழிகாட்டி, வெட்டக் கத்தரி, வெட்டிய இடத்தில் வைத்துத் தைக்க ஒட்டுத்துண்டு. மாறிவிட்டால் ஈஸ்ட் பெருகிச் சிவப்பாய்த் தெரியும்.

கத்தரிக்குப் பொறுமை என்றாலே வேப்பங்காய். "ஒட்டுத்துண்டு ஆடி அசைஞ்சு வரட்டும். நீ வாப்பா" என்று வழிகாட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

"இதுதான் இடம்" என்றது வழிகாட்டி. நறுக்!

செல்லுக்குள்ளே ஊசி என்று ஒருத்தி உண்டு. நூல் எங்கே அறுந்தாலும் ஓடிவந்து தைப்பாள். புதுத்துண்டு இல்லையே, என்ன செய்வாள்? பழையபடியே தைத்துவிட்டாள்.

கத்தரி திரும்பிப் பார்த்தது. அதே இடம், அதே எழுத்து. மறுபடி நறுக்! அவள் தைத்தாள். மறுபடியும் நறுக்!

"அண்ணே, கும்பிடுறேன், நிறுத்துங்க. தைக்கத் தைக்க வெட்டுறீங்களே, இந்தச் செல்லுதான் என் வீடு, அது சாகுது!"

"என் வேலையைக் கெடுக்கிறதே நீதான். போடி அந்தப் பக்கம்!"

வாய்க்கொழுப்பைப் பாருங்கள்! செல்லின் சுவர் தளர்ந்தது, மூச்சு அடங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஒட்டுத்துண்டு இரைக்க இரைக்க வந்து சேர்ந்தது.

"என்னை விட்டுட்டு வந்துட்டீங்களே அண்ணே, வழி தெரியாம அலைஞ்சேன்."

ஊசி அதை வாங்கி வைத்து ஒரே மூச்சில் தைத்தாள். பழக்கதோஷத்தில் கத்தரி வாயைத் திறந்தது.

"மூடு. எழுத்து மாறிடுச்சு, இனி இங்கே உனக்கு வேலையில்லை" என்றது வழிகாட்டி.

அப்போதுதான் கத்தரி சுற்றிலும் பார்த்தது. குற்றுயிராய்க் கிடந்தது வீடு. தைத்துத் தைத்து ஊசியின் முனை மழுங்கியிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கம் வந்தது அதற்கு.

செல் மெல்லத் தேறியது, பெருகியது, தட்டில் சிவப்புப் பொட்டாய்த் தெரிந்தது. மெர்லின் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். "கத்தரின்னா இதுதான் கத்தரி! என்னமா வேலை செஞ்சிருக்கு!"

உள்ளே கத்தரி கூனிக்குறுகி நின்றது. "ஊசியம்மா, அந்தப் பாராட்டு என்னைச் சேராது. உன்னை வேற திட்டினேன்..."

"விடுங்கண்ணே. வீடு பொழச்சுதே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, எங்கோ அறுந்த இன்னொரு நூலைத் தைக்கப் போய்விட்டாள் ஊசி.

நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது கத்தரிக்கு.