காலிக் கேனில் குளோரின்

மேலக்காரையில் அந்த வருஷம் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் சாக்கடை வாடை வரும். மாவரைத்து விற்கும் செண்பகவல்லியின் தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவள் நகராட்சி ஆபீஸில் மூன்று மனு கொடுத்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "பரிசோதித்தோம். குடிக்க உகந்தது."

நேரில் போனாள். குடிநீர்ப் பொறியாளர் ஞானசிகாமணி நாற்காலியில் சாய்ந்தபடியே, "மூக்கை நம்பிப் பேசாதீங்கம்மா. எங்க ஆய்வகம் தப்புன்னா நிரூபிங்க, பாப்போம்" என்றார்.

"இன்னொரு தடவை சோதிச்சுருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மாதிரித் தண்ணீரை மனுதாரரே கேனில் அடைத்து, அரக்கு வைத்துத் தரவேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். மறுநாள் உள்ளே இருப்பது தெரியாத வெள்ளைக் கேன் ஒன்றை அப்படியே கொண்டுபோய் ஆய்வக மேசையில் வைத்தாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. குளோரின் சரி, வாடை இல்லை, குடிக்க உகந்தது.

குறைதீர் நாளன்று ஆணையர் முன்னால் அந்தத் தாளை நீட்டி, "என் கேனைக் கொண்டுவரச் சொல்லுங்கய்யா" என்றாள்.

கேன் வந்தது. அரக்கு உடையவே இல்லை.

"பிரிக்காம எப்படிச் சோதிச்சீங்க?" என்று ஆணையர் கேட்டார்.

"ஊசி போட்டு உறிஞ்சினோம் சார்" என்றார் பொறியாளர், கொஞ்சமும் அசராமல்.

"மிச்சத்தைத் தூக்கிக் காட்டுங்க சார்" என்றாள் செண்பகவல்லி.

கனக்கும் என்று நினைத்துத் தூக்கிய பொறியாளரின் கை, கேனோடு தலைக்கு மேலே போய் நின்றது.

"நான் தண்ணியே ஊத்தலைங்கய்யா. காலிக் கேன்ல குளோரின் சரியா இருக்குதாம். எங்க குழாய்லதான் காணோம்."

மதியமே அவள் தெருவில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.