மண் திருடனும் முதல் வெற்றிலையும்

மழையும் ராஜாவும் மனசு வைத்தால்தான் ஊருக்குச் சோறு என்றிருந்த பழைய காலத்தில், குன்றடி நாட்டை மருதராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். தினமும் காலையில் தனக்குப் பிடித்தவருக்குத் தன் கையால் முதல் வெற்றிலை கொடுப்பது அவன் வழக்கம். அந்த வெற்றிலைக்காகவே உயிர் வாழ்ந்தவர் அரண்மனை மேலாளர் சங்குபாணி. ஆனால் பத்து நாளில் ஒன்பது நாள் அது மந்திரி கயிலனுக்குத்தான் போகும். மந்திரி வெற்றிலையை மென்றால் சங்குபாணிக்கு வயிறு எரியும்.

நாலு வருஷத்துக்கு முன் அவருக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. "மகாராஜா, குன்றுச் சரிவில் குறுக்காக உழுகிறார்கள். எல்லா உழவுச் சாலும் நேராக அரண்மனையைப் பார்த்து இறங்கினால், நிலமே தங்களைக் கும்பிடுவதுபோல் இருக்குமே!" என்றார். ராஜா சொக்கிப்போனான். வரப்புகளை வெட்டிச் சாய்த்தார்கள். மேலிருந்து கீழாக உழுதார்கள். சங்குபாணிக்கு ஒரு மாதம் முழுக்க முதல் வெற்றிலை.

அப்புறம் மழை குறைந்தது. பெய்த கொஞ்சமும் நிற்காமல் ஓடியது. மூன்றாம் வருஷம் சரிவெல்லாம் சரளைக்கல். நாலாம் வருஷம் நாற்பது குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு அரண்மனை வாசலில் வந்து நின்றன.

"உத்தரவு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம் மகாராசா," என்றான் இருளப்பன் என்ற உழவன். "எங்க மண்ணு காணாமப் போச்சு."

"மண்ணுக்குக் கால் முளைத்ததா?" ராஜா எரிந்து விழுந்தான்.

சங்குபாணி விடுவாரா? "மந்திரியார்தான் பெரிய புத்திசாலியாயிற்றே! மண் திருடனைப் பிடித்துத் தரட்டும். ஐந்து நாளில் முடியாவிட்டால் அவரும் இவர்களோடு மூட்டையைக் கட்டட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "அப்படியே ஆகட்டும்!" என்றான்.

"ஐந்து நாள் எதற்கு? நாளைக் காலையே போதும். இரண்டு பலகை, இரண்டு குடம் தண்ணீர் வேண்டும்," என்றார் கயிலன்.

மறுநாள் சபையில் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து மண் பரப்பியிருந்தார். ஒன்றில் சால்கள் நேராக ராஜாவின் காலடியை நோக்கி இறங்கின. மற்றதில் குறுக்கே ஓடின.

"தண்ணீர் ஊற்ற நேர்மையான கை வேண்டும். நான் ஊற்றினால் சூது என்பார்கள். மேலாளர் ஐயா, நீங்களே ஊற்றுங்களேன்."

சங்குபாணி குடத்தைப் பிடுங்காத குறைதான். முதல் பலகையில் ஊற்றினார். சேறு சரசரவென்று இறங்கி ராஜாவின் புதுப் பாதுகையை மூடியது. பதறி இரண்டாவதிலும் ஊற்றினார். தண்ணீர் சாலுக்குச் சால் நின்று, தயங்கி, மண்ணுக்குள் இறங்கியது. இதிலும் சேறு வழிந்துவிடாதா என்று குடத்தைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். வழியவில்லை.

"திருடன் எங்கேய்யா?" ராஜா கத்தினான்.

"தங்கள் காலடியில் ஓடும் தண்ணீர்தான், மகாராஜா. அவனுக்கு வழி போட்டுக் கொடுத்தது நம் உத்தரவு. திருடிய மண் அரண்மனை அல்லிக்குளத்தில் இருக்கிறது."

எல்லாரும் குளத்துக்கு ஓடினார்கள். பதினாலு படிகளில் ஐந்துதான் வெளியே தெரிந்தன. மற்றவை மண்ணுக்குள். அந்தப் படிகளைக் கட்டியபோது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர் சங்குபாணி. நாலு வருஷமாக இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் தவிர நான் எதைத்தான் பார்த்தேன் என்று அவருக்குத் தோன்றியது.

"அந்த யோசனையைச் சொன்னது யார்?" என்றான் ராஜா. கொடுத்த வெற்றிலையெல்லாம் மறந்துபோயிற்று.

கயிலன் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை! இந்தப் பெயரும் அவனுக்கே போக வேண்டுமா? சங்குபாணிக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான்!" என்று கத்தினார்.

ராஜா முதலில் முறைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு தன் சேற்றுக் காலைப் பார்த்துத் தலை குனிந்தான். "சொன்னது நீர். கேட்டு ஆடியது நான். குளத்து மண்ணை என் யானைகள் மேலே கொண்டுபோகும். வரப்பைத் திரும்பப் போட்டு, இருளப்பன் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை நீரே ஏர் பிடித்துக் குறுக்கே உழ வேண்டும்."

முதல் வெற்றிலை கயிலனுக்கு. அவர் அதை இருளப்பனிடம் கொடுத்தார். நாற்பது குடும்பங்களும் மூட்டையை அவிழ்த்தன.

அந்த ஐப்பசியிலும் மழை கொஞ்சம்தான். ஆனால் பெய்தது சாலில் நின்றது. ராஜா பல்லக்கில் வந்து, வரப்பில் நின்று வெற்றிலையை நீட்டினான். "சங்குபாணி, இன்றைக்கு முதல் வெற்றிலை உமக்குத்தான்!"

சங்குபாணி திரும்பவே இல்லை. சேற்றில் முழங்காலிட்டுக் குனிந்து, இருளப்பன் சாலில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா இருளப்பா, உன் நிலத்தில் மட்டும் எப்படி அரை விரல் தண்ணீர் அதிகமாக நிற்கிறது?"